அபாயச் சங்கும் சங்கக்கடையும்

'சிவில் பாதுகாப்பு' என்ற சொற்றொடரைக் கேட்டதும் வன்னியில் வாழும் ஒருவருக்கு நினைவில் எழுவது ஒரு சீருடைதான். எல்லைக் கிராமங்களில் துப்பாக்கியோடு நின்ற ஊர்காவல் படையினரை 2006ஆம் ஆண்டில் ஒரு திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவந்து, அதற்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பெயர் சூட்டினார்கள். போர் முடிந்தபின் அதே திணைக்களம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பண்ணைகளை நடத்தியது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளமும் கொடுத்தது. இச்சொற்றொடர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்நாட்டில் புழக்கத்துக்கு வந்தபோது அதற்கும் துப்பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. மணல் வாளி, கைப்பம்பு, முதலுதவிப் பெட்டி, விசில், அபாயச் சங்கு ஆகியவையே அன்று அதன் தளபாடங்கள். சாதாரண மனிதர் ஒருவர் தன்னையும் அயலவரையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பதே அதன் வேலை.

அந்த வேலை எப்படித் தொடங்கியது, பின்னர் என்னவாயிற்று என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தத் தீவு அனர்த்தங்களைக் கண்ட ஒவ்வொரு தடவையும் மேலிடத்தில் யாரோ ஒருவருக்கு, அல்லது எங்கோ ஒரு கருவிக்கு, முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரியாமற் போனது கீழே நின்றவருக்குத்தான்.

யாழ்ப்பாணத்தவருக்கு ஆகாயத் தாக்குதல் பற்றிய முதல் அச்சம் மலாயாவிலிருந்தே வந்தது. அக்காலத்தில் வடபகுதியில் மலாயாப் பணம் வராத ஊர் அரிது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த உறவினர்கள் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் இருந்தார்கள். 1941 டிசம்பர் 11ஆம் திகதி பினாங்கின் ஜோர்ஜ் டவுன் நகரத்தின் மேல் ஜப்பானிய விமானங்கள் தோன்றியபோது மக்கள் அவற்றைப் பார்ப்பதற்காகத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். குண்டுகள் அந்தக் கூட்டத்தின் நடுவே விழுந்தன. பன்னிரண்டு நாட்களின் பின்னர், டிசம்பர் 23ஆம் திகதி, ரங்கூனிலும் அதுவே நடந்தது. ஓடி ஒளியத் தெரியாமல், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அங்கும் ஏராளமாக மாண்டார்கள். அவர்களைப் பேதைகள் என்று சொல்லிவிடுவது சுலபம். விமானம் என்றால் என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பதே உண்மை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடிதமும் காசுக்கட்டளையும் நின்றுபோயின. வடபகுதியில் பல குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் கதியை அறிய 1945 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 8இல் ரங்கூனும் அதே மாதம் 23இல் அந்தமானும் பறிபோக, அடுத்தது இலங்கைதான் என்பது அனைவருக்கும் விளங்கிற்று. தீவின் பிரதம தளபதியாக வைஸ் அட்மிரல் ஜெப்ரி லேய்ற்றன் நியமிக்கப்பட்டார். ஆளுநர் அன்ட்ரூ கால்டிகொற்றுக்கும் மேலான அதிகாரம் அவரிடம் இருந்தது. மக்களைக் காக்கும் பொறுப்பு ஓர் இலங்கையரிடம் வந்தது. அதுவரை கணக்காய்வாளர் தலைமையதிபதியாக இருந்த ஒலிவர் குணதிலக்க சிவில் பாதுகாப்பு ஆணையாளரானார். யுத்த சபையிலும் அவருக்கு இடம் கிடைத்தது. பிற்காலத்தில் (1954) நாட்டின் முதலாவது இலங்கையர் மகாதேசாதிபதியாக அமர்ந்தவரும் இவரே. கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்த ஒருவரிடம் குண்டுவீச்சைச் சமாளிக்கும் வேலையை ஒப்படைத்தது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சிவில் பாதுகாப்பு என்பது வீரத்தைவிட அதிகமாகக் கணக்கைச் சார்ந்தது. எத்தனை பேர், எத்தனை படுக்கை, எத்தனை மூட்டை அரிசி, எத்தனை லொறி என்று எண்ணத் தெரிந்தவரே அதற்கு வேண்டும்.

ஏ.ஆர்.பி. என்ற மூன்று எழுத்துகள் அன்றைய கொழும்புவாசிகளின் வாயில் புரண்டன. ஆகாயத் தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சேவையின் சுருக்கம் அது. வட்டாரந்தோறும் தொண்டர்கள், இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமல் யன்னல்களை மறைக்கும் கட்டுப்பாடு, தீக்குண்டின் மேல் மணலைக் கொட்டும் பயிற்சி, சங்கு ஒலித்தால் தரையோடு தரையாகக் குப்புறப் படுக்கும் பயிற்சி. அண்ணாந்து பார்க்காதே என்பதுதான் முதற் பாடம். ஜோர்ஜ் டவுனும் ரங்கூனும் உயிரைக் கொடுத்து எழுதிய பாடம் அது.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அதற்கு முந்திய நாள் மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா நீர்விமானம் ஒன்றின் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தீவுக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோ தலைமையிலான படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அவருடைய ஆட்கள் கம்பியில்லாத் தந்தியில் செய்தியை அனுப்பிவிட்டார்கள். கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. பேர்ச்சல் சிறைப்பிடிக்கப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்து, 2004 வரை உயிர் வாழ்ந்தார்.

ஆக, விமானங்கள் வரும் என்று தெரிந்திருந்தது. ஆயினும் ஞாயிறு காலை ஏழரை மணியளவில் புச்சிடா தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தபோது, ராடார் இருந்தும் உரிய நேரத்தில் எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானை விமானத்தளத்தில் போர்விமானங்கள் மேலெழுந்தது எதிரி தலைக்கு மேல் வந்த பின்னர்தான். துறைமுகத்தில் 'ஹெக்டர்', 'டெனெடோஸ்' ஆகிய கப்பல்கள் மூழ்கின. தென்கடலில் 'கோர்ன்வோல்', 'டோர்செற்ஷயர்' என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் அன்று பிற்பகலில் அழிந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்து நோயாளிகள் மாண்டார்கள். பொதுமக்களில் இறந்தோர் எண்பதுக்கு மேல். ஜோர்ஜ் டவுனையும் ரங்கூனையும் நோக்க இது மிகச் சிறிய தொகை. துறைமுகமும் விமானத்தளமுமே இலக்குகளாக இருந்தது ஒரு காரணம். படுக்கப் பழகிய மக்கள் இருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையின் முறை வந்தது. இங்கே ராடார் முன்கூட்டியே கண்டுகொண்டது. விமானங்கள் நேரத்தோடு மேலெழுந்தன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்', பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலேயே, மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு போனார்கள். 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. சீனன்குடாவில் அன்று எரிந்த எண்ணெய்க் குதம் ஒன்றின் உருகிய இரும்பைப் பத்திரிகை வேலையாகச் சென்றிருந்தபோது நானும் பார்த்திருக்கிறேன். காடு மூடிய அந்த இடத்தில், மெழுகுபோல் வழிந்து உறைந்த தகடுகள் கிடந்தன.

(அதே வாரத்தில் சென்னையும் கதிகலங்கியிருந்தது என்பதைத் தமிழக வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, அரச அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. குண்டுவீச்சில் கூடுகள் உடைந்தால் என்ன செய்வது என்று அஞ்சி மிருகக்காட்சிச்சாலையின் சிங்கங்களைச் சுட்டுக்கொன்றார்கள். 1914இல் 'எம்டன்' கப்பல் சுட்ட குண்டுகள் தமிழுக்கு ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போயின. 1942 அப்படி எந்தச் சொல்லையும் தரவில்லை.)

கொழும்பில் குண்டு விழுந்த பின்னர்தான் சிவில் பாதுகாப்பின் உண்மையான சோதனை தொடங்கியது. நகரம் காலியாகத் தொடங்கிற்று. துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஊர்களுக்குப் போனார்கள்; இந்திய வம்சாவளித் தொழிலாளர் பலர் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தார்கள். கப்பலில் இருந்து அரிசியை இறக்க ஆளில்லை. இறக்குவதற்கு அரிசியும் இல்லை. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. பர்மா போய்விட்டது. ஒலிவர் குணதிலக்க உணவு ஆணையாளர் பொறுப்பையும் வகிக்க நேர்ந்தது தற்செயலன்று. குண்டுக்கு அஞ்சி ஓடியவன் பசிக்கு அஞ்சித் திரும்பி வருவான். பசி ஊரையே பற்றினால் எங்கும் ஓட முடியாது.

1942இல் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் வந்தது. அதை விநியோகிக்கக் கிராமந்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. போர் முடிவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. இவற்றைத்தான் நாம் சங்கக்கடை என்று அழைத்தோம். கூப்பன் அரிசியின் புழுநாற்றத்தை நினைவில் வைத்திருக்கும் என் தலைமுறையினர், அந்த வரிசையில் நின்றபோது ஓர் யுத்தகாலப் பாதுகாப்பு ஏற்பாட்டின் எச்சத்தில் நிற்கிறோம் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். 1979இல் உணவு முத்திரை வரும்வரை, முப்பத்தேழு ஆண்டுகள் அந்த ஏற்பாடு உயிரோடிருந்தது. ஏ.ஆர்.பி. தொண்டர் படையோ போர் முடிந்ததும் கலைந்தது. சங்கு ஓய்ந்தது. இனி அப்படி ஒன்று வராது என்று அன்றைய ஆட்சியாளர்கள் எண்ணியிருக்க வேண்டும்; குண்டைத் தவிர வேறு எதுவும் வானத்திலிருந்தோ கடலிலிருந்தோ வரக்கூடும் என்று எண்ணியதாகத் தெரியவில்லை.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நம் வடகரையையும் உலுப்பியது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் தலையிழந்து நின்றன. அந்த அழிவுக்குப் பின்னர் அனர்த்தங்களுக்கென ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சு வரைவாயிற்று, வரைவு கோப்பாயிற்று. 1996இல் சமூக சேவைகள் அமைச்சின் கீழ் ஒரு சிறு நிலையம் தோன்றியது. நிவாரணம் பங்கிடுவதே அனர்த்தத்துக்கான பதில் என்ற மனப்போக்கு மாறவில்லை என்பதை அந்த நிலையம் எந்த அமைச்சின் கீழ் வைக்கப்பட்டது என்பதே காட்டும்.

இதற்கிடையில் வடக்கு, கிழக்கில் ஏ.ஆர்.பி. திரும்பி வந்தது. இம்முறை அதை நடத்த அரசாங்கம் இருக்கவில்லை. வானத்தில் இருந்ததே அரசாங்கம்தான்.

1987இல் வடமராட்சியில் நாங்கள் முதன்முதலாகப் பதுங்குகுழி வெட்டியபோது எங்கள் ஒழுங்கையில் அதை எப்படி வெட்டுவது என்று அறிந்தவர் ஒருவரே இருந்தார். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, ஜப்பானியர் காலத்தை அங்கேயே கழித்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். எழுபதைத் தாண்டிய வயது. நேராக வெட்டிய குழியைக் கண்டதும், "தம்பி, இது சவக்குழி. வாசலிலை விழுந்தால் முழுப்பேரும் சரி. 'ட' மாதிரி மடக்கி வெட்டு" என்றார். மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. உரப்பைகள் முடிந்ததும் அம்மாமார் பழைய சேலைகளைத் தைத்துக் கொடுத்தார்கள். குப்புறப் படு, நெஞ்சைத் தரையில் அழுத்தாதே, முழங்கையை ஊன்று, காதைப் பொத்து, வாயைச் சற்றுத் திறந்து வை. இவ்வளவையும் அவர் எங்களுக்குப் பழக்கினார். 1941இல் மலாயாவில் கற்றது 1987இல் வடமராட்சியில் பயன்பட்டது. இடையில் இருந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் எந்தப் பாடப்புத்தகமும் எந்தத் திணைக்களமும் அதை எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவன். அதற்குள் ஐந்து வயதுக் குழந்தைகூடச் சத்தத்தை வைத்து ஹெலியா, பொம்மரா, 'சகடை' என்று நாங்கள் பெயரிட்டிருந்த சரக்கு விமானமா என்று சொல்லிவிடும். எது வந்தால் குழிக்குள் இறங்க வேண்டும், எது எவ்வளவு நேரம் சுற்றும் என்பதெல்லாம் மனப்பாடம். மாரியில் குழிக்குள் தண்ணீர் நிற்கும், பாம்பும் கிடக்கும். இருந்தும் இறங்கினோம். உலகில் எந்த அரசும் தன் பணத்தைச் செலவிட்டு இவ்வளவு விரைவில் ஒரு சமூகம் முழுவதையும் பயிற்றியிருக்க முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் நிவாரண அரிசியையும் மாவையும் பங்கிட்டுக் கொடுத்தவை மறுபடியும் அந்தச் சங்கக்கடைகளே. 1942இன் அந்த ஒரு பாதி மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

ஆனால் அறிவுறுத்தலை யார் தருகிறார் என்பது, அறிவுறுத்தல் என்ன என்பதைவிட முக்கியமானது என்பதையும் அக்காலம் கற்பித்தது. 1995 ஜூலையில் படை நடவடிக்கை தொடங்கியபோது, கோயில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சமடையுமாறு துண்டுப்பிரசுரங்கள் மூலம் மக்களுக்குச் சொல்லப்பட்டது. நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் மக்கள் தஞ்சமடைந்தார்கள். ஜூலை 9ஆம் திகதி மாலை அங்கே குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின்னர் அரசாங்கம் எங்கே போகச் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் எவரும் ஒருமுறை நின்று யோசிப்பார்கள். அனர்த்த முகாமைத்துவம் பற்றிய கருத்தரங்குகளில் 'மக்கள் எச்சரிக்கையைச் செவிமடுப்பதில்லை' என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு நவாலி நினைவுக்கு வரும்.

குண்டுக்குத் தேர்ந்த அந்த மக்களுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, இலங்கை நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி பிளந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலவில் சர்வதேச வலையமைப்பைச் சேர்ந்த நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்று அன்றும் இயங்கிக்கொண்டிருந்தது. கருவி பதிவுசெய்தது, தரவு கடல் கடந்து போயிற்று. பார்த்துக்கொண்டிருந்து உள்ளூரில் அபாயச் சங்கை ஊதுவதற்கு எவரும் இருக்கவில்லை. ஊதுவதற்குச் சங்கும் இருக்கவில்லை. பசுபிக் எச்சரிக்கை நிலையம் பசுபிக் நாடுகளுக்குத்தான் எச்சரிக்கை விடுத்து வந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்படியோர் ஏற்பாடே கிடையாது.

அலை கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் அழிந்து கொண்டிருந்தபோது, தென்மேற்கே பெரலிய என்ற இடத்துக்கு அலை இன்னும் வந்து சேரவில்லை. மாத்தறைக்குப் போகும் ரயில் நிறைந்த பயணிகளோடு அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எடுத்த முயற்சி பலிக்கவில்லை. ஒன்பதரை மணியளவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டார்கள். நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர். பல இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. வெளித்தெரிந்த தரையில் துள்ளிய மீன்களைப் பொறுக்கச் சிறுவர்கள் ஓடினார்கள். பெரியவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். ஜோர்ஜ் டவுனில் அண்ணாந்து நின்றவர்களைப் போலவே.

பூகம்பத்தின் மையத்துக்கு மிக அருகே சிமியுலு என்றொரு தீவு இருக்கிறது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அங்கே அலைக்கு இறந்தவர்கள் ஏழு பேர்தான். அவர்களிடம் கருவி இல்லை, திணைக்களம் இல்லை. 1907இல் ஓர் அலை அவர்களுடைய முன்னோரை அள்ளிச் சென்றிருந்தது. அதன் பெயர் 'ஸ்மொங்'. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். தொண்ணூற்றேழு ஆண்டுகள் அந்தச் செய்தி வாய்வழியே பிழைத்திருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்ட சட்டம், சுனாமி வந்து ஐந்து மாதங்களுக்குள் நிறைவேறியது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று. 117 என்ற தொலைபேசி இலக்கம் வந்தது. கரையோரமெங்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. பாடசாலைகளில் ஒத்திகை நடந்தது. குறை மட்டும் சொல்வது என் நோக்கமன்று. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது கரையோர மக்கள் உரிய வேளையில் வெளியேறினார்கள். பேரலை வரவில்லை; எனினும் வந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் சட்டமும் கோபுரமும் கடலைப் பார்த்தபடி நின்றன. மலை முதுகுப்புறத்தில் இருந்தது. கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரியும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி வந்து லயன்களை மூடியது. மக்கள் ஏன் முன்னரே எழும்பிப் போகவில்லை என்ற கேள்வி அப்போது கொழும்பில் பரவலாகக் கேட்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் அதிகம் அடிபட்டது மலைநாடுதான். நிலச்சரிவு எச்சரிக்கைகளும் வெளியாகியிருந்தன. அதே கேள்வியும் மறுபடி எழுந்தது. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். அதைச் சுற்றியுள்ள நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். பக்கத்து மலையும் தோட்டத்துக்குச் சொந்தம். எழும்பிப் போகச் சொன்னவர்கள், எங்கே போய் இருப்பது என்பதற்கு ஒரு துண்டுக் காணியைக் காட்டியிருக்கவில்லை.